விட்ட இடத்திலிருந்து

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பொதிகள்.
இறக்க வேண்டியது இரண்டேகால் ஜிபி.
தொடரலாமா என்று கேட்டுவிட்டு
ஆம், இல்லை இரண்டையும் நீட்டியபடி
கண்சிமிட்டி நிற்கிறது கர்சர்.

என் கைபேசிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை.
அதில் பாதியைப் பகலிலேயே
பட்டா சிட்டா எடுக்க வந்தவர்கள் தின்றாயிற்று.

அஞ்செட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே
உரக்கடை மாடியில்
முனிரத்னா கம்ப்யூட்டர்ஸ்.
பலகையில் பன்மை.
உள்ளே இருப்பது ஒன்று,
பள்ளிக்கூடம் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்தது.
காசு கேட்கும் சிஸ்டத்துக்கு வழியில்லாமல்தான்
லினக்ஸ் போட்டேன்.
ஐந்து வருஷம் முகம் கோணாமல் உழைத்தது.
இந்த மாதத்தோடு பழைய பதிப்புக்கு ஆதரவு இல்லை என்று
நாலு நாளாய் திரை மூலையில் ஒரு சீட்டு.

ஓசூரில் ரேணுகாவின் விடுதியில் வைஃபை உண்டு.
பென் டிரைவில் போட்டு
சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டுவாடி என்றேன்.
வளைவுகளில் முக்கி முனகி வந்தாலும்
மூன்று மணி நேரத்தில் பதினாறு ஜிபி.
எங்கள் ஊரின் அதிவேக இணைப்பு
அந்த பஸ்தான்.
ரேணுகாவுக்குச் சனிக்கிழமை ஓவர்டைம்.

ஆகவே கழித்தல்.
ஜெர்மன் அகராதி, போ.
சீட்டாட்டம், நீயும்.
யாரும் திறந்தே பார்க்காத உதவிப் பக்கங்கள்,
பயன் என்னவென்று எனக்கும் தெரியாத,
தனக்கும் தெரியாத சில.
ஐந்து வருஷம் கூடவே குடியிருந்த முந்நூறு பேரை
முகம் பார்க்காமலே காலி செய்தேன்.
இரண்டேகால், ஒன்றே முக்காலானது.

அன்றிரவு கடையிலேயே படுக்கை.
ஜன்னல் கம்பியில் துண்டால் கட்டிய கைபேசி
மலைமேல் டவரைப் பார்த்தபடி.
பன்னிரண்டு அடித்தால் புது ஒன்றரை பிறக்கும்.
அதுவரை நேற்றின் அடிவண்டல்.
நொடிக்கு நூற்றெண்பது கேபி,
நூற்றுப் பத்து,
சும்மா,
மறுபடி நாற்பது.

ஒன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.
யானை இறங்கியிருக்கும். இல்லை, காற்று.
யுபிஎஸ் ஏழு நிமிஷம் கூவிவிட்டு அடங்கியது.
எண்பத்தொரு சதவீதம்.
இருட்டில் உட்கார்ந்து
அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அது அணைந்த பிறகும்.

காலையில் படியேறி வந்தாள் திம்மக்கா.
ராகிக் கொல்லையை யானை மிதித்ததற்கு
இது மூன்றாவது மனு.
முதல் மனுவில் போட்டோ இல்லையாம்.
இரண்டாவதை வாங்கியவர் மாற்றலாகிப் போய்விட்டாராம்.
புதுசாய் வந்தவர்
முதல்ல இருந்து வாம்மா என்றாராம்.

கரண்ட் வந்தது.
அதே கட்டளையை அடித்தேன்.
ராத்திரி எங்கே போனாய் என்று கேட்கவில்லை.
சான்று கேட்கவில்லை.
'பாதி' என்று பெயரிட்ட ஓர் அடைவில்
உடைந்த கோப்பை உடைந்தபடியே வைத்திருந்து
எடுத்துத் தந்தது.
எண்பத்தொன்று. எண்பத்திரண்டு.

'என்னம்மா ஓடுது அதுல?'
'ராத்திரி நின்னுபோச்சுக்கா.
விட்ட இடத்துல இருந்து போவுது.'
திம்மக்கா திரையையே பார்த்தாள்.
'அதுக்கு யாரு மனு குடுத்தாங்க?'

மதியம் எழுந்து வந்தது புதுப் பதிப்பு.
கோப்புறைகளின் நிறம் கொஞ்சம் மாறியிருந்தது.
பிரிண்டர் யாரோ போல நின்று
பிறகு அடையாளம் கண்டுகொண்டது.
கைபேசியில் மிச்சம் பதினோரு எம்பி.

மனுவைத் திறந்தேன்.
புது எழுத்துரு ஒரு மயிரிழை பருமன்.
'இப்படிக்கு' மட்டும் தனியாய்
இரண்டாம் பக்கத்தில் இறங்கி நின்றது.
பக்கத்துக்கு ஐந்து ரூபாய்.
எழுத்தை அரைப் புள்ளி சிறிதாக்கினேன்.
ஏறிக்கொண்டது.
அதன் கீழே
அவள் கையெழுத்துக்குப் போதுமான இடமும் இருந்தது,
கொஞ்சம் நெருக்கித்தான்.